பிரிவுத் துயரும் பிரித்தளிக்கும் கடமையும்

இஷ்ட வியோகம் எனப்படும் அன்புடையார் பிரிவு, இல்லறத்தார் எவரும் தப்ப இயலாத ஒன்று. அதனால் எழும் இடையறாத ஏக்கத்தை நம் ஆசாரியர்கள் ஆர்த்தத் தியானத்தின் நால்வகையுள் ஒன்றாக வைத்தனர். துயரும் புலம்பலும் அசாதா வேதனீய வினை வந்து சேரும் வாயில்கள் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் உணர்த்துகிறது. கண்ணீர் சிந்துவதே குற்றம் என நாம் கொள்ள வேண்டுவதில்லை. துயரிலேயே தங்கிவிடலாகாது என்பதே கொள்ளத்தக்கது.

இரவிசேனாசாரியர் இயற்றிய பத்மபுராணம் இதற்கோர் உயரிய சான்று தருகிறது. இலக்குமணர் உயிர் நீத்தபின், இராமர் அவ்வுடலை ஆறு திங்கள் சுமந்து திரிந்தார். அவரைத் தெளிவிக்க வந்த தேவர் இருவர், பட்ட மரத்திற்கு நீர் வார்த்தனர்; மணலைச் செக்கிலிட்டு எண்ணெய் தேடினர். அச்செயலின் பயனின்மையை அவர் சுட்டியபோது, உயிரற்ற உடலைச் சுமப்பதால் யாது பயன் என அவர்கள் வினவினர். மயக்கம் நீங்கிற்று. தம்பிக்கு ஈமக்கடன் முடித்து, அரசை வழித்தோன்றலிடம் ஒப்படைத்து, அவர் துறவு பூண்டார்.

தெளிவு பெற்றபின் ஒப்படைத்தல் என்னும் இம்முறை நமக்கும் உரியது. ஆதிபுராணம் கூறும் நால்வகைத் தத்திகளுள் அன்வயதத்தி என்பது, பொருளோடு அறத்தையும் வழித்தோன்றலிடம் ஒப்புவிப்பதாகும். அறம் விடுபட்டுப் பொருள் மட்டும் கைமாறின், அது தத்தி ஆகாது.

நடைமுறையில் செய்யத்தக்கன சில. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்று பெறுதல்; வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தல்; நிலம், நகை, வைப்புத்தொகை, கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் குடும்பத்தார் யாவரும் காணப் பட்டியலிடுதல்; பங்கு பிரிக்குமுன் இறந்தவரின் கடனைத் தீர்த்தல். வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் ஏனைய வாரிசுகளின் உரிமை அழிவதில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணராகிய நமக்கும் பொருந்தும். உயில் எழுதாது இறந்த ஆடவரின் தனிச்சொத்தில் மனைவி, தாய், மகன், மகள் ஆகியோர் சமபங்கினர். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மூதாதையர் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை வழங்கிற்று. ஆயினும், துக்கம் ஆறுமுன்னரே உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அழுது சோர்ந்தவளின் கையொப்பம் மனமுவந்த கொடை ஆகுமா? அவள் தானே ஆய்ந்து, விரும்பி விட்டுக்கொடுத்தால் அது ஈகை. அறியாமல் கொடுக்கச் செய்தால் கள்ளாமை விரதத்திற்கே பழுது. கைம்பெண்ணின் பங்கும் அவளுக்கே உரியது. 'பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்' என்னும் சொல் அதற்கு ஈடாகாது.

வாழுங்காலத்திலேயே இதற்கு வழி செய்வது நன்று. தெளிந்த மனத்துடன், சாட்சிகள் இருவர் கையொப்பமிட எழுதிய உயில் செல்லும். பதிவு செய்தல் கட்டாயமன்று எனினும் பின்னர் எழும் ஐயங்களைக் குறைக்கும். பொருளின் அளவை வரையறுத்து வாழ்ந்தவர்க்கு அதனைப் பகிர்ந்தெழுதுவது அரிதன்று.

உயிர் தனித்தே வந்தது, தனித்தே செல்லும் என்னும் ஏகத்துவ பாவனை துயருற்றார்க்கு மருந்து. பங்கு பிரிப்போர்க்கு எச்சரிக்கை. பிரிந்தவரின் பொருளால் உறவு பிரியாதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.