பல்லேடியமும் ஷண்டிங் எஞ்சினும்

இரத்த அழுத்தத்துக்காக நான் தினமும் விழுங்கும் லோசார்ட்டான் மாத்திரையின் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் பேத்தி இதைச் சொன்னபோது, "யார் கோத்தது?" என்று கேட்டேன். "பல்லேடியம், தாத்தா. கப்ளிங் என்று பெயர்" என்றாள். பழைய ரயில்வேக்காரனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

யார்டில் ஷண்டிங் எஞ்சின் இரண்டு வேகன்களைச் சேர்த்துவிட்டு, தான் கழன்று அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். வினையூக்கியும் அப்படியே. சுஸுகி 1979இல் வெளியிட்ட முறையில் ஒரு வளையத்தில் ஹாலஜனும் மற்றதில் போரானும் இருக்கும். பல்லேடியம் கார்பனுக்கும் ஹாலஜனுக்கும் இடையே நுழைந்து, போரானிடமிருந்து அடுத்த வளையத்தை வாங்கி, இரண்டையும் இணைத்து வெளியே தள்ளும். ஹெக், நெகிஷி ஆகியோருடன் அவருக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது.

சங்கடம் குளோரினில்தான். குளோரின் சேர்மங்கள் மலிவு. ஆனால் பிணைப்பு வலுவானது. அதை உடைக்க மோலுக்குச் சுமார் 96 கிலோ கலோரி தேவை. புரோமினுக்கு 81 போதும். வழக்கமான டிரைபினைல் பாஸ்பீன் ஈனியுடன் பல்லேடியம் சாதாரண குளோரோபென்சீனை அசைக்கவில்லை. 1998இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபூ குழுவும் புக்வால்ட் குழுவும் உலோகத்தை மாற்றாமல் ஈனியை மாற்றி வென்றார்கள்.

ஈனி எலெக்ட்ரான்களைத் தாராளமாகக் கொடுத்தால் உலோகத்துக்குப் பிணைப்பில் நுழையும் பலம் வரும். ஈனி பருமனாகவும் இருந்தால், உலோகத்தின் மேல் ஒன்றுதான் உட்கார முடியும்; வேலைக்கு இடம் கிடைக்கும். அந்த நெருக்கடியே கடைசியில் வளையங்களைச் சேர்த்து வெளியேற்றவும் உதவும். பருமனை அளக்க டோல்மன் கூம்புக் கோணம் என்று ஒன்றைக் கொடுத்தார். டிரைபினைல் பாஸ்பீனுக்கு 145 டிகிரி. ஃபூ எடுத்த டிரை டெர்ஷியரி பியூட்டைல் பாஸ்பீனுக்கு 182. தட்டையையும் தாண்டிவிட்டதே, இது என்ன கூம்பு என்று பேத்தியிடம் வாதாடினேன். "பின்பக்கம் மடங்கிய குடை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

ஆனால் அந்தக் குடை காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். அதனால் ஃபூ பின்னர் அதை உப்பாக்கி, காற்றில் வைத்துக் கையாளும்படி செய்தார். புக்வால்டின் ஈனிகளில் பாஸ்பரசோடு ஒட்டிய இரட்டை வளையத்தின் ஒரு பாதி உலோகத்தை அணைத்தாற்போல நிற்கும். அவற்றில் பலவும் காற்றுக்கு அஞ்சாதவை.

என் மாத்திரையில் எஞ்சின் தங்கிவிட்டதா என்றும் கேட்டேன். வாய்வழி மருந்தில் பல்லேடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. ஈனி நன்றாக அமைந்தால் உலோகம் குறைவாகப் போதும். பிரித்தெடுக்க வேண்டியதும் குறையும்.