இரு துறைகள் இணைந்தபோது

கொரோனா தடுப்பூசிகளுள் சில 2020-இல் ஓராண்டுக்குள் உருவானதை நாம் அறிவோம். அதற்குப் பின்னே பல்லாண்டு உழைப்பு உண்டு.

ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரரின் மகளாய்ப் பிறந்தவர் கத்தலின் கரிக்கோ. புரதம் செய்யும் கட்டளையை உயிரணுவுக்குள் எடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.யை மருந்தாக்க விரும்பினார். ஆய்வகத்தில் செய்த ஆர்.என்.ஏ.யையோ உடல் பகையெனக் கருதியது, அழற்சி உண்டாயிற்று. உதவித்தொகை கிட்டவில்லை, 1995-இல் பதவியும் தாழ்ந்தது. அவர் தளரவில்லை.

உயிர்வேதியியல் கற்ற அவரும் நோய் எதிர்ப்பியல் வல்லுநர் ட்ரூ வைஸ்மனும் இணைந்தனர். ஆர்.என்.ஏ.யிலுள்ள யூரிடினுக்குப் பதில் அதன் மாற்றுருவான சூடோயூரிடினை வைத்தால் அழற்சி அடங்கும் என்று 2005-இல் காட்டினர். அதுவே தடுப்பூசிக்கு வழி திறந்தது. 2023-இல் இருவரும் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

தோழியரே! இறைவன் தந்த அறிவை நாமும் பகிர்ந்து வளர்ப்போம், தோல்வியில் சோரோம்.