பிள்ளைகளின் கையில் இருக்கும் கதவு

ஜும்ஆ உரை – மாதவரம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



நம்மையும் நம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளும்படி அல்லாஹ் சூரத்துத் தஹ்ரீமின் 6ஆவது வசனத்தில் கட்டளையிடுகிறான். நம்மை மட்டும் காத்துக்கொண்டால் போதும் என்று அவன் விட்டுவிடவில்லை. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை புகாரியில் காண்கிறோம். நம் பொறுப்பில் இருக்கும் பிள்ளை, இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இருட்டியதும் கதவை மூடுங்கள்

இரவு வந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், அது ஷைத்தான்கள் பரவும் நேரம், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவுகளை மூடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). நம் வீடுகளில் இதைப் பேணுகிறோம். மஃக்ரிப் பாங்கு சொன்னதும் தெருவில் விளையாடும் பிள்ளையை உள்ளே அழைக்கிறோம். ரவுண்டானா பக்கம், மூலக்கடை பக்கம் தனியாகப் போகாதே என்கிறோம். வாசல் கதவைத் தாழிடுகிறோம். ஆனால் உலகத்தின் எல்லாத் தெருக்களுக்கும் திறக்கிற இன்னொரு கதவு அவன் கையில் இருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் போட்டோமா?

அந்தக் கதவைக் கொடுத்தது நாம்தான். 2020ல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுத்தோம். அன்று அது தேவையாக இருந்தது. வகுப்புகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டன, போன் மட்டும் பிள்ளையிடமே தங்கிவிட்டது. நம் பகுதியில் பல அத்தாமார்கள் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் ஓட்டுநர்கள், குடோனில் சுமை ஏற்றுபவர்கள், மணலி கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். அத்தா வீடு வரும்போது பிள்ளை தூங்குகிறான், பிள்ளை எழும்போது அத்தா தூங்குகிறார். இடையில் அவனோடு விழித்திருப்பது அந்தப் போன் மட்டுமே.

"கேம்தானே விளையாடுகிறான்"

சில பெற்றோர் இப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். 2021 ஜூன் மாதம் ஒரு யூடியூபரைச் சென்னை போலீசார் தருமபுரியில் கைது செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடைசெய்த பப்ஜி விளையாட்டை நேரலையில் விளையாடியபடி ஆபாசமாகப் பேசினார் என்பது அவர் மீதான புகார். அவரைப் பின்தொடர்ந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவருடைய முன்ஜாமீன் மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, முதலில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடுங்கள் என்று நீதிபதி அவருடைய வழக்கறிஞரிடமே சொல்லும் அளவுக்கு அது இருந்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்குத் திரையில் தெரிந்தது துப்பாக்கி விளையாட்டு. அசிங்கம் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் போனது. ஆகவே திரையை எட்டிப் பார்த்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளை யாருடைய பேச்சைக் கேட்கிறான், விளையாட்டில் யாரோடு பேசுகிறான் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் போட வேண்டிய தாழ்ப்பாள்கள்

சூரத்துந் நூரின் 58ஆவது வசனத்தைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில், பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வரவேண்டும் என்று அல்லாஹ் ஒழுங்கு செய்திருக்கிறான். பிள்ளையின் கண்ணில் எது படலாம், எது படக்கூடாது என்பதற்கு நேரமும் இடமும் குறித்துக் கொடுத்த மார்க்கம் இது. அந்த ஒழுங்கைப் போனுக்கும் கொண்டுவருவோம்.

முதலாவது, இடம். போன் பார்ப்பது கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில் மட்டும். படுக்கையறைக்கும் கழிவறைக்கும் போன் போகக்கூடாது.

இரண்டாவது, நேரம். இஷா தொழுததும் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஓரிடத்தில் சார்ஜில் நிற்கட்டும். அத்தா, அம்மாவின் போனும் அதில் அடங்கும். தஸ்தர்கானில் உட்கார்ந்து நாம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையைத் தடுத்தால் அவன் கேட்கமாட்டான்.

மூன்றாவது, போனிலேயே இருக்கும் வசதிகள். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி இலவசம். பிள்ளை எந்தச் செயலியை இறக்கலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம், எப்போது போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். லாரியில் இருக்கும் தகப்பனும் செய்யலாம். கூகுள் தேடலில் சேஃப் சர்ச், யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள்.

நான்காவது, வைஃபை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், ரூட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் போட்டுத்தரும்படி இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 2020லிருந்து இலவசமாகத் தரும் வசதி இது. பெரும்பாலான ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் அந்த வைஃபையில் திறக்காது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரூட்டரின் பூட்டு வேலை செய்யாது. விபிஎன் போட்டால் அதைத் தாண்டிவிடுவான். நண்பனின் போனில் நம் பூட்டு எதுவுமே இல்லை. தாழ்ப்பாள் அவசியம்தான், ஆனால் அது பாதி வேலை.

மீதிப் பாதி: பயமில்லாமல் வந்து சொல்லும் பிள்ளை

பிள்ளைகளைக் குறிவைக்கும் அயோக்கியர்கள் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். விளையாட்டில் அல்லது இன்ஸ்டாகிராமில் நட்பாகப் பேசுவார்கள். அந்தப் பிள்ளையின் வயதுதான் தங்களுக்கும் என்பார்கள். நாலு பாராட்டு, ஒரு சின்னப் பரிசு. பிறகு தனி அரட்டைக்கு அழைப்பார்கள், ஒரு படம் கேட்பார்கள். படம் கைக்குப் போனதும் பேச்சு மாறும்: "இன்னும் அனுப்பு, பணம் கொடு, இல்லாவிட்டால் உன் அத்தாவுக்கு அனுப்பிவிடுவேன்."

சகோதரர்களே, அவன் கையில் இருக்கும் ஆயுதம் எது? அந்தப் படம் அல்ல. பிள்ளைக்கு நம்மீது இருக்கும் பயம்தான். அத்தாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார் என்று பிள்ளை நினைக்கும்வரை அந்த அயோக்கியனுக்குக் கவலையில்லை. அத்தாவிடம் சொன்னால் காப்பாற்றுவார் என்று பிள்ளை நம்பிவிட்டால் அவன் மிரட்டல் அங்கேயே செத்துவிடும்.

அபூ உமாமா (ரலி) அறிவித்து முஸ்னத் அஹ்மதில் பதிவான ஒரு சம்பவம் இருக்கிறது. ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபச்சாரம் செய்ய அனுமதி கேட்டார். அதுவும் சபையில்! சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். உம் தாய்க்கு இது நடப்பதை விரும்புவீரா என்று கேட்டார்கள். மகள், சகோதரி, அத்தை, சின்னம்மா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். மற்றவர்களும் அப்படித்தான் விரும்பமாட்டார்கள் என்று புரியவைத்தார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து, அவருடைய பாவமன்னிப்புக்காகவும் உள்ளத் தூய்மைக்காகவும் கற்புக்காகவும் துஆச் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்த இளைஞர் இப்படியொரு கேள்வியோடு அவர்களிடம் வர எது துணிவு தந்தது? வந்தால் விரட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை. உங்கள் மகனுக்கு உங்கள்மீது அந்த நம்பிக்கை இருக்கிறதா? அவன் போனில் அசிங்கமான ஒன்றைக் கண்டால் முதலில் பெல்ட்டைத் தேடாதீர்கள். பக்கத்தில் உட்காரவையுங்கள். எப்படி வந்தது, யார் அனுப்பியது என்று கேளுங்கள். அடித்தால் அடுத்த முறை அவன் பார்வையை நிறுத்தமாட்டான், மறைக்கக் கற்றுக்கொள்வான்.

லுக்மான் (அலை) தம் மகனை "என் அருமை மகனே" என்று அழைத்துத்தான் உபதேசம் செய்தார்கள். கடுகளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளிக்கொண்டு வருவான் என்பது அவர்கள் சொன்ன பாடங்களில் ஒன்று (31:16). ஹிஸ்டரியை அழித்தால் அம்மா பார்க்கமாட்டார், அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு நண்பனின் போனிலும் கூடவே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமக்குப் பக்கத்து அம்பத்தூரில் தொடங்கிய வழக்கு ஒன்று டெல்லி வரை போனது. சிறுவர்களை வைத்து எடுக்கப்பட்ட ஆபாசப் படங்கள் போனில் இருந்ததாக ஓர் இளைஞர் மீது அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. இத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் பகிரும் நோக்கில் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம் என்று தீர்ப்பளித்தது. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பியது என்று அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதை வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்றே சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளையை யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். மிரட்டல் வந்த அரட்டையையும் அந்தக் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிள்ளையின் படத்தை யாருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்ற உதவி எண் 1930. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறீர்களா? போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவர்கள் விரும்பும் இடத்திலோதான் வாங்கவேண்டும். இயன்றவரை பெண் அதிகாரி வரவேண்டும், சீருடையில் வரக்கூடாது. பிள்ளையின் பெயரை ஊடகங்கள் வெளியிடவும் தடை இருக்கிறது.

மஹல்லாவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்ற ஹதீஸை (முஸ்லிம்) நாம் அறிவோம். பாதிக்கப்பட்ட ஒரு பெண்பிள்ளையைப் பற்றி டீக்கடையில் பேசும் ஒவ்வொரு பேச்சும், இன்னொரு பிள்ளையை வாய் மூடவைக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் போனில் தாழ்ப்பாள் போடுங்கள். பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எது நடந்தாலும் முதலில் என்னிடம் வந்து சொல், நான் உன் பக்கம் இருப்பேன்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களையும் காதுகளையும் உள்ளங்களையும் பாதுகாப்பாயாக! அவர்கள் அஞ்சி ஓடாமல் எங்களை நாடி வரும் மென்மையை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.