மாத்திரையும் வயிறும்

காசநோய் மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கியதும் குமட்டுகிறது. நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி, ஹைதராபாத்

நிறுத்தலாகாது, அம்மணி. அம்மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்கு கிரகிக்கப்படும் என்பது மெய்யே ஆயினும், குமட்டலுக்கு அஞ்சி ஒரு வேளை மருந்தையே கைவிடுவதைக் காட்டிலும், இரண்டு இட்லி உண்டு அதன்மேல் மாத்திரை உட்கொள்வதே சிரேஷ்டம். இரவில் உறங்கும் முன் உட்கொள்ளலாமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். காரமான மிர்ச்சி கா சாலன் குழம்பைச் சில காலம் அண்டை வீட்டாருக்குத் தானம் செய்துவிடுங்கள், அவர்கள் ஆட்சேபிக்கமாட்டார்கள். அமிலத்தைத் தணிக்கும் ஜெலுசில் போன்றவை மற்றொரு காசநோய் மருந்தான ஐசோநியாசிட் உடலில் சேர்வதைத் தடுக்குமாதலால், அவற்றை மாத்திரை உட்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்தே அருந்துக. சிறுநீர் ஆரஞ்சு வர்ணமாவது ரிஃபாம்பிசினின் நிறமேயன்றி வியாதியன்று. ஆனால் கண்கள் மஞ்சளித்து, வாந்தி ஓயாது, சிறுநீர் கஷாயம்போல் கறுத்தால், அது கல்லீரலின் முறையீடு. மாத்திரைகளை நிறுத்தி, அன்றே எர்ரகட்டா நெஞ்சக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.