களைக்கொல்லி தங்கிய மண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே களைக்கொல்லி, ஒரே அளவு. ஒரு வயலில் கோதுமை தேறி நிற்கும்; பக்கத்து வயலில் இலை மஞ்சளாகிக் கருகும். ‘மருந்து கூடிப்போச்சு’ என்பார்கள். அளவு மட்டுமல்ல, மண்ணும் ஒரு காரணம்.

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ‘குல்லி டண்டா’ என்றொரு புல்களை உண்டு. அதற்கு ஐசோப்ரோட்யூரான் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்திலேயே களை அதற்கு மசியாமல் போனது. அடுத்தடுத்து வேறு மருந்துகள் வந்தன. அவற்றில் இரண்டைப் பார்ப்போம்.

மெட்ரிபுசின் தண்ணீரில் எளிதில் கரையும். மட்கு குறைந்த மணற்பாங்கான மண்ணில் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. தண்ணீர் பாய்ந்ததும் வேருக்கு இறங்கிவிடும். களியும் மட்கும் உள்ள மண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

சல்ஃபோசல்ஃபியூரான் களர் தன்மையுள்ள மண்ணில் மெதுவாகத்தான் சிதையும். கோதுமைக்குப் பின் விதைக்கிற சோளம், மக்காச்சோளம் குன்றிப்போகும். குளிரும் வறட்சியும் சேர்ந்தால் நுண்ணுயிர் வேலை குறைந்து, நஞ்சு இன்னும் நாள்பட நிற்கும்.

வயலில் கிடக்கும் வைக்கோல் தெளிப்பில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். அதனால் களை தப்பும். மழை பெய்தால் ஒரு பகுதி பிறகு மண்ணில் இறங்கும். அதே வைக்கோலை எரிக்காமல், ஹேப்பி சீடர் கருவியால் இடையில் கோதுமை விதைத்தால், அந்த மூடாக்கே களையை அமுக்கும்.

இதில் நமக்கு என்ன பாடம்? நம்ம ஊரில் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடிக்கிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உளுந்தோ காய்கறியோ போட்டால், விதைக்காசும் உழைப்பும் வீணாகலாம். முதலில் சோதியுங்கள்:

1. வயலில் பல இடங்களில் அரை அடி ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, சில தொட்டிகளில் நிரப்புங்கள்.

2. மருந்தே படாத, அதே வகை மண்ணை வேறு தொட்டிகளில் நிரப்புங்கள்.

3. எல்லாவற்றிலும் வெள்ளரி விதை ஊன்றி, ஒரே மாதிரி தண்ணீர் விடுங்கள்.

முளைச்சிடுச்சே என்று ஏமாந்துவிடாதீர்கள். அட்ரசின் முளைப்பைத் தடுக்காது. விதையிலுள்ள உணவு தீர்ந்த பிறகுதான் குணம் காட்டும். மூன்று வாரம் பொறுங்கள். வயல் மண்ணில் மட்டும் இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்தால், நஞ்சு இன்னும் இருக்கிறது.

அந்த நிலத்தில் முதல் போகம் அட்ரசினைத் தாங்கும் சோளம் போடுங்கள். மட்கிய தொழுவுரம் இடுங்கள், ஈரம் காயவிடாதீர்கள், தட்டையை எரிக்காமல் மூடாக்காகப் போடுங்கள். அறுவடைக்குப் பின் மறுபடி தொட்டிச் சோதனை. வெள்ளரி பச்சையாக நின்றால், அப்புறம் உளுந்து விதைக்கலாம்.