அறிதுயில்: உறக்கம் குறைந்தவர்க்கு ஓர் இளைப்பாறல்



நம் ஜொகூரில் உறக்கம் அரிய பொருளாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நான்கு மணிக்கே எழுந்து, கருக்கலில் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தை எட்டியாக வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. என் வயதினருக்கோ படுத்தவுடன் கண் மூடாது. மூடினாலும் மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். குறைந்த உறக்கத்தில் நிறைந்த ஓய்வு பெற வழியுண்டா என்று ஆலயத்தில் பலர் கேட்பதுண்டு. அண்மையில் சில இளைஞர்கள், "கனவிலேயே இது கனவு என்று அறிந்துகொண்டால் களைப்பு போகுமாமே, உண்மையா சார்?" என்று கேட்டார்கள். இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்பட்டது.

ஆங்கிலத்தில் இதனை லூசிட் டிரீம் என்பர். இது கற்பனையன்று. கனவு காணும் வேளையில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் இமைக்குள் அசையும். இதைப் பயன்படுத்தி, 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் ஒரு சோதனை செய்தார். உறங்கிக்கொண்டிருந்தவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்து, தாம் கனவில் விழிப்புடன் இருப்பதைத் தெரிவித்தார். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபெர்ஜ் அதனைத் தனியே உறுதிசெய்தார்.

ஆனால் களைத்தவர்களுக்கு இதனை மருந்தாகச் சொல்ல நான் தயங்குகிறேன். கனவு உறக்கம் விடியலை நெருங்க நெருங்கத்தான் மிகும். நான்கு மணிக்கு எழுபவர் அந்தப் பகுதியைத்தான் முதலில் இழக்கிறார். மேலும், இக்கனவை வரவழைக்கப் பரவலாகச் சொல்லப்படும் முறை ஒன்று, ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மறுபடி படுப்பது. ஏற்கெனவே உறக்கம் போதாதவர் இருப்பதையும் கலைத்துக்கொள்வது, கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவது போலத்தான்.

நம் முன்னோர் இதை வேறு வழியில் அணுகினார்கள். தமிழில் 'அறிதுயில்' என்றொரு அழகிய சொல் உண்டு. பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் நிலைக்கு அதைச் சொல்வார்கள். அறிவு விழித்திருக்க உடல் மட்டும் ஓய்ந்திருப்பது. சைவ சித்தாந்தம் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகளைச் சொல்கிறது. பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்ய உபநிடதமும் நனவு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காவதைப் பேசுகிறது. அவர்கள் தேடியது மறுநாள் வேலைக்கான தெம்பை அன்று, தன்னை அறிதலை. தெம்பு வழியில் கிடைக்கும் நிழல்.

இந்த மரபுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913-இல் மலாயா வந்தார். சிரம்பான் அருகே ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் நம் ஜொகூர் பாருவிலும் பணியாற்றினார். 1923-இல் அனைத்தையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். கடற்பாலம் முறைப்படித் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. அவரே ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர். (பத்தமடை கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊர், உறக்கத்தைப் பற்றிய கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

அவருடைய சீடர் சுவாமி சத்யானந்தர். ரிஷிகேசத்தில் ஒரு வேதபாடசாலைக்கு இரவுக் காவல் இருந்தபோது, பின்னிரவு மூன்று மணிக்குத் தம்மை அறியாமல் உறங்கிவிடுவாராம். நான்கு மணிக்கு எழுந்து சிறுவர்கள் வேதம் ஓதுவது அவருக்குக் கேட்டதேயில்லை. பின்னொரு விழாவில் அதே சிறுவர்கள் ஓதியபோது, கற்றறியாத அந்த மந்திரங்கள் அவருக்குப் பழகியவையாகத் தோன்றின. உறக்கத்திலும் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற அந்த எண்ணத்திலிருந்து, நியாச முறையைத் தழுவி அவர் வகுத்ததே யோக நித்திரை. நம் குருக்கள் பூசைக்குமுன் மந்திரம் சொல்லி உறுப்புகளைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவே நியாசம். இங்கே கைக்குப் பதில் மனம் தொடுகிறது.

முறை எளிது. பாயில் மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகற்றி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வையுங்கள். நல்ல எண்ணம் ஒன்றை மூன்று முறை மனத்தில் சொல்லுங்கள். இதுவே சங்கல்பம். பின் வலக்கைப் பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, தொடை, முழங்கால், பாதம் என்று மனத்தை நடத்துங்கள். எங்கும் நிற்க வேண்டாம். தேர் வீதியில் நகர்வது போல நகரட்டும். அடுத்து இடப்பக்கம், முதுகு, முகம். பிறகு மூச்சை 27-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எண் தவறினால் கவலையில்லை, மறுபடி 27. (பள்ளியில் கணக்குத் தவறினால் நான் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.) முடிவில் அதே சங்கல்பம். இருபது முப்பது நிமிடம் போதும்.

2002-இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வு, பயிற்சியுள்ள எட்டுப் பேரை யோக நித்திரையில் வைத்து மூளையைப் படமெடுத்தது. டோபமின் என்னும் சுரப்பு மிகுந்ததாக அதில் கண்டார்கள். எட்டுப் பேர் என்பது சிறு தொகை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேர யோக நித்திரை நான்கு மணி நேர உறக்கத்துக்குச் சமம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த மலரை நம்பி வாசிக்கும் உங்களிடம் அதனை உண்மையென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இப்பயிற்சி மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்தும். மூன்று மணிக்கு விழித்துப் புரள்பவருக்கு, உறக்கம் வரவில்லையே என்ற பதைப்பைத் தணிக்கும். அதுவே பாதிக் களைப்பு. ஆனால் ஆழ்ந்த உறக்கத்தில் உடல் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் வேலையை இது செய்யாது. உரத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பதும், பகலில் தலை சாய்வதும் இருந்தால் பாய் விரிக்கும் முன் கிளினிக் செல்லுங்கள். மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கனவுப் பயிற்சிகளில் இறங்க வேண்டாம்.

ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு இன்னொன்று. இடைவேளையில் இதைச் செய்தால் எழுந்த கையோடு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். முகம் கழுவி, கால் மணி நேரம் நடந்து, கண் முழுதும் தெளிந்த பிறகு புறப்படுங்கள். கண் செருகும் நிலையில் கடற்பாலத்தில் வண்டியோட்டுபவருக்கு எந்த யோகமும் துணை வராது. ஓரமாக நிறுத்தி உறங்குவதே அங்கே செய்ய வேண்டியது.