முன்கோடையில் உப்பு ஏரியும் ஊர் ஏரியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் ஆரம்பாக்கம். இதன் கிழக்கே நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களும் பழவேற்காடு ஏரியின் உவர்நீரும் உள்ளன. மேற்கே மழையை நம்பிய பாசன ஏரிகளும் நவரை நெல் வயல்களும் உள்ளன. பங்குனி, சித்திரை வெயில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் காய்கிறது. ஆயினும் உவர்நீர் ஏரியில் உப்பு மிகுகிறது. ஊர் ஏரியிலோ பிராணவாயு குறைகிறது. மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இவ்விரண்டைப் பொறுத்தவையே.

பயிர்களைப் பற்றிப் பாடம் நடத்துபவனுக்கு மீனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் வயலிலும் தம்பி வலையிலும் இருக்கும் பகுதி இது. உப்பும் தண்ணீரும் இருவருக்கும் பொதுக் கணக்கு.

உப்பு ஏறும் கணக்கு

பழவேற்காடு ஏரி நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. பரப்பு பெரிதே ஒழிய ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஆள் இறங்கி நடந்து போகலாம். கோடையில் வரும் தொல்லைக்கு இந்த ஆழக் குறைவே முதற் காரணம்.

வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் புகுந்து ஏரி நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். தை, மாசியில் உப்பு மெல்ல ஏறத் தொடங்கும். கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு உண்டு. ஏரியில் ஓர் இடத்தில் இன்று 30 பங்கு உப்பும் 90 செ.மீ. ஆழமும் இருப்பதாகக் கொள்வோம். புது நீர் எதுவும் வராமல் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால், 60 நாட்களில் 30 செ.மீ. போய்விடும். மீதமுள்ள 60 செ.மீ. நீரில் உப்பு 45 பங்காக உயரும். அதே வெயிலில் 60 செ.மீ. ஆழமே உள்ள கரையோரத்தில் என்ன ஆகும்? ஆழம் பாதியாகும், உப்போ 60 பங்காகும். கரையோரம் நேற்றுவரை மீன் இருந்த இடம் திடீரென்று வெறிச்சோடிப் போவதன் காரணம் இதுவே.

இவ்வாறு உப்பு மிகும்போது மீன்கள் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை. பால் கெண்டையும் மடவையும் கடல் நீரை விட மிகுந்த உப்பையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஆற்று வாயில் கிடைத்த நன்னீர் மீன்கள் முற்றிலும் மறைந்துவிடும். நண்பகலில் மேட்டு நீர் சூடேறுவதால் மீன்கள் ஆழமான ஓடைகளுக்கு ஒதுங்குகின்றன. ஆகவே முன்கோடையில் பகல் முழுவதும் வலை வீசி அலைவதை விட, பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஓடைகளின் ஓரத்தில் வலை இடுவது பயன் தரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகுதியாதலால், கடல் நீர் ஏரிக்குள் சற்றுத் தொலைவு கூடுதலாக வரும். அந்நாட்களைத் தவற விட வேண்டாம்.

முகத்துவாரம் திறந்திருக்கிறதா?

மேற்சொன்ன கணக்கில் “புது நீர் வராமல்” என்றோம். நீர் வருவதும் வராததும் பழவேற்காட்டு முகத்துவாரத்தின் கையில் இருக்கிறது. வாய் அகலத் திறந்திருந்தால் கடல் நீர் நாள்தோறும் வந்து கலந்து, மிகுந்த உப்பை ஓரளவு வெளியேற்றும். வாய் குறுகினால் ஏரி மெல்ல உப்பளமாக மாறத் தொடங்கும்.

முன்கோடையில் வாய் ஏன் தூர்ந்து போகிறது? மாசிக்குப் பின் கடற்கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காகத் திரும்புகிறது. மீனவர் இதைத் தெண்டி என்பர். அது மணலையும் சுமந்து வருகிறது. சென்னைத் துறைமுகத்தின் தெற்குச் சுவர் இம்மணலைத் தடுத்ததால்தான் மெரினா கடற்கரை இவ்வளவு அகன்றது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் முகத்துவாரத்து மணலை அடித்துத் தள்ளிவிடும். கோடையில் தள்ளுவதற்கு வெள்ளம் இல்லை. ஆகவே மணல் திட்டு வளர்கிறது. முகத்துவாரத்தை நிலைப்படுத்த நேர்கல் சுவர் அமைக்கும் பணியை அரசு மேற்கொண்டது. இது பழவேற்காட்டாருக்கு மட்டும் உரிய விஷயம் என்று ஆரம்பாக்கத்தார் எண்ணக்கூடாது. வாயிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கே அது அடைபடும்போது முதலில் நட்டம். ஏற்றத்தின் வலிமை அவ்வளவு தூரம் வருவதற்குள் தேய்ந்துவிடும்.

மற்றொன்றும் உண்டு. வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாவும்கூட முட்டையிடக் கடல் நீரை நாடுபவையே. வாய் அடைபட்டால் உள்ளே வர வேண்டிய குஞ்சும் வராது, வெளியே போக வேண்டிய தாயும் போகாது.

தடைக்காலமும் குஞ்சு இறாலும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. தமிழகத்தில் 2001ஆம் ஆண்டு 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக்கப்பட்டது. பாரம்பரிய நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. இந்நாட்களில் கடல் மீன் வரத்து குறைவதால் ஏரி மீனுக்கும் இறாலுக்கும் நல்ல விலை கிடைக்கிறது. கிடைத்ததை எல்லாம் அள்ளிவிடும் ஆசையும் அப்போதுதான் எழுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 4 செ.மீ. நீளமுள்ள வெள்ளை இறால் ஏறக்குறைய அரை கிராம்தான் இருக்கும். அது 12 செ.மீ. வளர்ந்தால் எடை 12 கிராமுக்கு மேலாகிறது. நீளம் மூன்று மடங்கானால் எடை 27 மடங்கு. சிறு கண் வலையில் இன்று ஒரு கிலோ குஞ்சு அள்ளினால் அதில் சுமார் 2000 இறால்கள் போய்விடுகின்றன. அவற்றில் பத்தில் ஒன்று பிழைத்து வளர்ந்திருந்தாலும் இரண்டரை கிலோ பெரிய இறால் கிடைத்திருக்கும். பெரிய இறாலுக்குக் கிலோ விலையும் அதிகம். கடலில் தடை இருக்க, ஏரியில் குஞ்சை வாரினால் தடையின் பயன் பாதி வீணாகிறது.

குடும்பம் பசித்திருக்கும்போது யாருக்கும் அறிவுரை இனிக்காது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பழவேற்காட்டை ஒட்டிய சில குப்பங்களில் ‘பாடு’ என்னும் முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்து வலை இடுவது என்பதைக் குலுக்கலிலும் முறை வைத்தும் ஊரே முடிவு செய்கிறது. அரசு ஆணையை விட இத்தகைய ஊர்க் கட்டுப்பாடு வலியது என்பது என் கருத்து. இடத்தையும் நாளையும் முறைப்படுத்தத் தெரிந்த ஊர்களால், கோடை இரண்டு மாதங்களுக்கு வலை மடியின் கண் அளவையும் முறைப்படுத்த இயலும். அப்படி முடிவெடுக்கும்போது, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களையும் கலந்து பேசுவது முறை. நீர் வற்றினால் முதலில் பிழைப்பு இழப்பவர்கள் அவர்களே.

ஊர் ஏரியில்

நன்னீர் ஏரியின் சிக்கல் வேறு. நீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் நிற்காது. நீர் பச்சைப் பசேலென்று பாசியேறி இருந்தால், அந்தப் பாசியே இரவில் பிராணவாயுவை உண்டுவிடும். ஆகவே விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைந்து நிற்கும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கட்லாவும் ரோகுவும் நீர் மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். விராலுக்கு இத்தொல்லை இல்லை. அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும்.

நீர் மூன்றடிக்குக் கீழே இறங்கும்வரை மீன் குத்தகைதாரர் காத்திருக்க வேண்டாம். எடை ஏறிய மீன்களை இரண்டு மூன்று தவணையாகப் பிடித்துவிட்டால் மீதமுள்ளவை தாராளமாக மூச்சுவிடும். மீன் வாய் பிளப்பதைக் கண்டால் அன்று தீவனமும் சாணமும் இடக்கூடாது. பம்பு செட்டால் நீரை இறைத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி செய்யுங்கள். பதற்றத்தில் சுண்ணாம்பைக் கொட்டுவது தவறு. நீரின் காரத்தன்மை உயர்ந்து, அடியில் உண்டாகும் அம்மோனியா மேலும் நஞ்சாகும்.

பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் உழவர்களுக்கும் மீன் குத்தகைதாரர்களுக்கும் பங்குனியில் சண்டை வருவதுண்டு. நவரை நெல்லுக்கு அறுவடைக்கு 10 நாட்கள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடலாம். அதன் பிறகு பாய்ச்சும் நீரால் விளைச்சல் கூடுவதில்லை. வயல் சேறாகி அறுவடைதான் தாமதமாகும். அந்த நீர் ஏரியில் நின்றால் மீனுக்கு உதவும்.

உவர்நீர் ஏரியை ஒட்டிக் கிணறு வைத்திருப்போர் சொர்ணவாரி நாற்று விடும் முன் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளவும். வயல் மண்ணின் மின்கடத்து திறன் 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். கோடையில் அதிகமாக இறைக்க இறைக்க உவர்நீர் கிணற்றை நோக்கி ஊறி வரும்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் எல்லோரும் மகிழ்வோம். ஆனால் வெயிலில் கிடந்த ஏரிக்குள் அம்மழை கரையின் குப்பையையும் சேற்றையும் அடித்து வரும். அவை அழுகும்போதும் பிராணவாயுவே செலவாகிறது. எனவே மழை பெய்த மறுநாள் விடியுமுன் கரைக்குச் சென்று மீன்களைப் பாருங்கள்; பம்பு செட்டைத் தயாராக வைத்திருங்கள். ஆழமான மடுவில் சில பெரிய விரால்களைப் பிடிக்காமல் விட்டுவைத்தால், பருவமழை தொடங்கியதும் அவை குஞ்சு பொரிக்கும்.